முப்பதாவது ஆள்

1

இறந்துபோன ஓர் அம்மாள் பொதுக்கூட்டத்துக்கு நேரில் வந்திருந்தார் என்று எழுதிய தாள் என் மேசைக்கு வந்த அன்று, நான் மலேசியாவுக்கு வந்து இருபத்தோரு வருடம் முடிந்திருந்தது. இரண்டாவது விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போர்ட் கிள்ளானில் காலை ஷிப்ட். மகளுக்குப் பள்ளியில் ஏதோ போட்டி. அலுவலகத்தில் அன்று லிப்ட் வேலை செய்தது. கொண்டாட்டம் என்றால் அதுதான்.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: அங்கே நீ என்ன வேலைதான் பார்க்கிறாய்? முதல் வருடம் 'கேஸ் ஒர்க்கர்' என்று சொல்லிப் பார்த்தேன். அருப்புக்கோட்டைச் சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோர்ட்டு கேஸா, அடுப்பு கேஸா?" என்றார். அதிலிருந்து 'கவர்ன்மென்ட் வேலை மாதிரி' என்று சொல்லி வருகிறேன். அந்த 'மாதிரி'யைத்தான் வருடா வருடம் ஒப்பந்தம் போட்டுப் புதுப்பிக்கிறார்கள்.

விளக்கமாகச் சொன்னால், ஊருக்கு நல்லது செய்வதற்கென்று பதிவு செய்துகொண்ட சங்கங்கள் இங்கே ஏராளம். அவை நல்லது செய்கின்றனவா என்று நாங்கள் பார்ப்பதில்லை. விதிப்படி செய்கின்றனவா என்று பார்ப்போம். கூட்டம் போட்டார்களா, போதுமான பேர் வந்தார்களா, வந்தவர்கள் பெயர் இருக்கிறதா. யாராவது புகார் எழுதினால் கோப்பு திறப்பேன். அறுபது நாளில் மூடிவிட வேண்டும். தமிழில் எழுதியதெல்லாம் என்னிடம்தான் வரும். அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அலுவலகத்தின் பெயரையும் தெருவையும் இங்கே எழுதினால் என்மேலேயே ஒரு கோப்பு திறந்துவிடுவார்கள், அதனால் வேண்டாம்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவளுக்குக் கட்டங்களை நிரப்புவதில் ஒரு சந்தோஷம் உண்டு. உலகத்தில் எது எங்கே சேரும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் தவிக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை கிடையாது.

2

புகார் எழுதுகிறவர்களை அலுவலகத்தில் நான் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். முதல் வகை, தலைவர் பதவி கிடைக்காதவர்கள். இரண்டாவது வகை, போன தடவை கிடைத்து இந்தத் தடவை கிடைக்காதவர்கள். மூன்றாவது வகை இருக்கக்கூடும், இன்னும் பார்த்ததில்லை என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

இந்தக் கடிதம் எழுதியவர் கிள்ளானைச் சேர்ந்த கோவிந்தசாமி. எழுபதைத் தாண்டியவர், ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். தாளின் இடது பக்கம் ரூல் தடி வைத்து மார்ஜின் கோடு போட்டிருந்தார். கடிதத்தில் இரண்டே வாக்கியம். 'மேற்படி சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வருகைக் கணக்கு உண்மைக்கு மாறாக எழுதப்பட்டுள்ளது. விசாரித்துச் சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.' முதல் வகை என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மேற்படி சங்கம் என்பது ஒரு மரண சகாய சங்கம். இங்கே தோட்டத்துத் தமிழர்கள் ஆரம்பித்துவைத்த பழைய ஏற்பாடு. உறுப்பினர் வீட்டில் ஒருவர் இறந்தால் சவ வேன் வரும், கூடாரம் வரும், நாற்காலி வரும், தூக்க ஆள் வரும். அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் பொதுக்கூட்டத்துக்கு முப்பது உறுப்பினர் வர வேண்டும் என்று இருக்கிறது. அதைத்தான் அலுவலகத்தில் கோரம் என்போம். எல்லோரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்த காலத்தில் எழுதிய விதி. ஒரு குரல் கொடுத்தால் அறுபது பேர் வந்து நின்றிருப்பார்கள்.

கடிதத்தோடு கூட்டக் குறிப்பின் நகல் இருந்தது. வந்திருந்தவர்கள் முப்பது பேர். ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வரை சாதாரணப் பெயர்கள். முப்பதாவது பெயர்: அமரர் தனலெட்சுமி, த/பெ இராமையா. அதே குறிப்பில் ஐந்தாவது அம்சமாக, மரணம் காரணமாக மேற்படி தனலெட்சுமி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார் என்றும் ஒரு தீர்மானம். ஆக, அந்த அம்மாள் தன்னை நீக்கிய கூட்டத்துக்குத் தானே வந்து கோரத்தை நிறைவு செய்திருக்கிறார். இந்த அளவு ஒத்துழைப்பு உயிரோடு இருக்கும் உறுப்பினர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

மொழிபெயர்த்து என் மேலதிகாரி புவான் ரொஹானியிடம், அதாவது திருமதி ரொஹானியிடம், கொண்டுபோனேன். நல்ல மனுஷி. என் மலாயை இருபது வருடமாகத் திருத்துகிறவர்களில் சிரிக்காமல் திருத்துகிறவர் அவர் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"மெண்டியாங் ஹாடிர்?" என்றார். அமரர் வருகை.

"ஆமாம் புவான். வந்திருந்தார். ஆனால்..."

"'ஆனால்' போட நம் பாரத்தில் கட்டம் இருக்கிறதா?"

இல்லை. வந்தார், அல்லது முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வரவில்லை, அல்லது தெரிவிக்காமல் வரவில்லை. மூன்று கட்டத்தில் எதிலும் அந்த அம்மாளை உட்கார வைக்க முடியவில்லை. புவான் ரொஹானி பெருமூச்சு விட்டார். அமரரைக் கழித்தால் இருபத்தொன்பது. இருபத்தொன்பது என்றால் கூட்டம் செல்லாது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவர்கள் கூட்டமே போடவில்லை. அறுபது நாளுக்குள் ஒழுங்கான கூட்டம் ஒன்று நடத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பு, நடத்தாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரை எழுது என்றார். அனுப்பினேன். அழகான கடிதம், ஒரு பிழை கிடையாது.

3

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது மகள் யாழினி போனிலிருந்து தலையை எடுக்காமலே, "ஏன் லா இவ்ளோ ஸ்ட்ரெஸ், அந்த அங்கிள் ஆன்டி எல்லாம் ஜூம்ல மீட்டிங் போடலாம்ல?" என்றாள். ஆன்லைன் கூட்டம் அவர்கள் விதியில் இல்லை. விதியைத் திருத்தலாம், திருத்த ஒரு பொதுக்கூட்டம் வேண்டும், அதற்கு முப்பது பேர் வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். பதினைந்து வயது. தமிழ் படிப்பாள், ஆனால் நான் எழுதுகிறதைப் படிக்க மாட்டாள். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, என்னிடம் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, நீங்க இந்தியன் இந்தியனா, நாங்க மலேசியன் இந்தியனா?" என் சிவப்பு அட்டையைக் காட்டினேன். நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் இல்லை. "ஓ, ட்ரையல் வெர்ஷன்" என்றாள்.

எங்கள் ஊரில் சாவுக்குச் சங்கம் தேவைப்பட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தெருவில் பறை அடித்தால் வந்தாக வேண்டும், வராதவர்களை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள், அவ்வளவுதான். நான் கல்லூரியில் படித்தபோது தெருப் பையன்கள் ஒரு நற்பணி மன்றம் ஆரம்பித்தார்கள். முதல் நாள் லெட்டர்பேடு அடித்தார்கள். இரண்டாம் நாள் யார் பெயர் மேலே வரவேண்டும் என்று சண்டை. மூன்றாம் நாள் மன்றம் இரண்டாகி, ஒரே தெருவில் இரண்டு லெட்டர்பேடு. நற்பணி எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை. அந்த அனுபவம் இந்த வேலைக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் பெரிய மாமா இறந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை. தங்கை மகன் வீடியோ காலில் காட்டினான். யாரோ கூப்பிட்டார்கள் என்று போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். நாற்பது நிமிடம் நான் அவர்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். யாழினி என் பின்னால் வந்து நின்று, "யாரு இறந்தது?" என்று கேட்டாள். சொன்னேன். "யாரு அவரு?" என்றாள். அதற்கு நான் கோபப்பட்டது தப்பு. அவளுக்கு அவர் ஒரு மின்விசிறிதானே.

4

கடிதம் போய் ஒரு வாரத்தில் சங்கத்தின் செயலாளர் பாக்கியம் என்னை நேரில் வந்து பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். விதிப்படி ஒரு கள விசாரணை இருக்கிறது; கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். டவுனைத் தாண்டி உள்ளே ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், சின்ன வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் வெள்ளை வேன். பாக்கியத்துக்கு அறுபத்தேழு வயது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறுப்பினர் வீட்டுப் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டி, சேலை கட்டிவிடுவது இவர்தான்.

"மேடம், தே ஓ குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கறுப்புத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "நீங்க இந்தியாவா? பேச்சுல தெரியுது லா."

"இருபத்தோரு வருஷமாச்சுக்கா."

"அப்ப நம்ம ஆளுதான்." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மேடம், நான் பொய் சொல்ல மாட்டேன். தோட்டத்த வித்துட்டாங்க. இப்ப அங்க முழுக்க வீடு, பாக்டரி. எங்க ஆளுங்க ஒருத்தரு ரவாங்ல இருக்காரு, ஒருத்தரு டெங்கில்ல இருக்காரு, பாதி பேரு லோரி ஓட்டுறாங்க. கூட்டம்னு கூப்புட்டா பத்து பேரு வருவாங்க. கல்யாணம்னா பாதி பேரு. சாவுன்னா மட்டும் எல்லாரும் வந்துருவாங்க. அதான் சாவு வீட்லயே கூட்டத்தப் போட்டுட்டோம்."

நடந்தது இதுதான். தனலெட்சுமி அம்மாளின் மகன் வெளிநாட்டில் பெர்த் என்ற ஊரிலிருந்து வர வேண்டும். விமானம் தாமதம். கூடாரத்துக்குக் கீழே எல்லோரும் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முறைப்படி அறிவித்தும் ஆள் சேராமல் ஒத்திவைத்த கூட்டம் ஒன்று பாக்கி இருந்தது; இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, அதை நடத்திவிடுவோம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டு வாசலில் மேசை போட்டு, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வைத்திருப்பார்கள் இல்லையா, அதையே வருகைப் பதிவாக எடுத்துக்கொண்டார்கள்.

"நோட்ட எண்ணிப் பாத்தேன். நம்ம மெம்பருங்க இருபத்தொம்போது. ஒரு ஆளு குறையுது. தலைவரு சொன்னாரு, தனம் அக்காவும் மெம்பர்தானே, இங்கதானே இருக்காங்க, எழுதுன்னு. எழுதிட்டேன் மேடம். அந்த நேரத்துல அது சரியாத்தான் பட்டுச்சு."

"புகார் யார் கொடுத்தாங்கன்னு நான் சொல்லக்கூடாதுக்கா."

"நீங்க எதுக்குச் சொல்றீங்க. கோவிந்தசாமி அண்ணன்தான். வேற யாரு கோடு போட்டு எழுதுவாங்க. தனம் அக்கா அவரு சம்சாரம்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். இங்கே பெண்களுக்குக் கல்யாணமானாலும் அட்டையில் அப்பா பெயர்தான். இராமையாவின் மகளைக் கோவிந்தசாமியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. கோப்பில் இரண்டு பேரும் அடுத்தடுத்த தாளில் இருந்தார்கள். முதல் வகை என்று நான் எழுதியிருந்த பென்சில் குறியை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"பொண்டாட்டி கெடக்கையில கூட்டத்து மினிட்டு படிச்சோம் மேடம். கோவம் வரத்தானே செய்யும்? பதினாறாம் நாள் முடிஞ்சு போயி, மன்னிச்சிருங்கண்ணேன்னு கால்ல விழுந்தேன். சாப்டியான்னு கேட்டாரு. அவ்ளோதான். மகனும் பெர்த்துக்குப் போயிட்டான். தனியாத்தான் இருக்காரு."

வேனின் பெர்மிட் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. பதிவு போனால் வேன் கொட்டகையை விட்டு வெளியே வராது. அதை நான் சொல்லாமலே பாக்கியத்துக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எத்தனையோ பேரக் குளிப்பாட்டியிருக்கேன் மேடம். எனக்குப் பிள்ளை இல்ல, குட்டி இல்ல. என்னைக் குளிப்பாட்டச் சங்கந்தான் இருக்கு. மூடிட்டீங்கன்னா நான் எங்க போவேன்?"

கள விசாரணைப் பாரத்தில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வரி எழுதலாம். ரயிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் 'வேன் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன்.

5

கோவிந்தசாமி வாரா வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வார். கோப்பு எண்ணைச் சொல்லி, நிலவரம் என்ன என்று கேட்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்பேன். சரிம்மா என்று வைத்துவிடுவார். கிள்ளான் போய் வந்த பிறகு அப்படி வைக்க விடவில்லை.

"அங்கிள், உங்க வீட்டுல நடந்தது பெரிய தப்புதான். அவங்களும் மன்னிப்புக் கேட்டுட்டாங்க. நீங்க மனசு வச்சா இந்தப் புகார..."

"மன்னிப்பு நான் கேக்கலியேம்மா. கணக்கு தப்பு. தப்பா எழுதினத சரியா எழுதச் சொல்றேன். அவ்ளோதான்."

"எப்படி சரி செய்யணும் அங்கிள்? சொல்லுங்க, செய்யச் சொல்றேன்."

"விசாரிக்கிறது உங்க வேலை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "மழை அங்க பெய்யுதா?" என்று கேட்டார். பெய்கிறது என்றேன். "இங்கயும்," என்றார்.

பிடிவாதக்காரக் கிழவர் என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளிடமும் ஒரு பிடிவாதக்காரக் கிழவர் இருந்தார்.

இதற்கிடையில் சங்கத்தின் தலைவர் ஒரு யோசனை கண்டுபிடித்துப் பாக்கியம் மூலமாகச் சொல்லி அனுப்பினார். புதிதாகப் போடும் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. ஒருவர் இறந்த அன்றே வாட்ஸ்அப்பில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டால், பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் வரும்போது கூட்டம் போட்டுவிடலாம். விதியும் சரி, கோரமும் சரி. நான் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே தடை எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை, யாராவது சாக வேண்டும்.

அடுத்த மூன்று வாரம் சங்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷா ஆலம் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த ஒருவர்கூட எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாராம். பாக்கியம் இதைப் போனில் சொன்னபோது நான் 'அடடா' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒரு மனிதர் பிழைத்ததற்கு நான் வருத்தப்பட்டிருக்கிறேன். கட்டத்தில் வேலை பார்த்துப் பார்த்து நான் என்னவாகிவிட்டேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் சாவில்லாத ஒரு கூட்டத்துக்கு அறிவிப்பு கொடுத்தார்கள். கெடு முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். அலுவலகம் சார்பில் பார்வையாளராக நான்.

6

பாக்கியம் முப்பது பேருக்கு மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், பொட்டலம் கட்டி வைத்திருந்தார். மூன்று மணிக்குப் பதினாறு பேர். மூன்றரைக்கு இருபத்தொன்று. நல்ல மழை. டெங்கில்காரர்கள் பாதி வழியில் வெள்ளம் என்று திரும்பிவிட்டார்கள். ரவாங்கிலிருந்து வர வேண்டிய இரண்டு பேருக்கு ஓவர்டைம். தலைவர் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "வாங்க லா, சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சாவு என்றால் வெள்ளத்தில் நீந்தியாவது வந்திருப்பார்கள். அதை அந்த மண்டபத்தில் எல்லோரும் நினைத்தார்கள் என்று நினைக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

விதிப்படி ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். நான்கு மணிக்கு இருபத்துநான்கு பேர். நான் பாரத்தை எடுத்தேன். 'கோரம் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். பாக்கியம் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாளுக்கு நான் செய்வது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேனா நகர்ந்தது.

அப்போதுதான் கோவிந்தசாமி வந்தார். போனில் கேட்ட குரலை வைத்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன். குள்ளமாக, மெலிந்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். தலைவர் எழுந்து, "வாங்கண்ணே," என்றார். இருபத்தைந்து என்று நான் மனதுக்குள் எண்ணினேன். அதுவும் போதாது.

அவர் நேராக என் மேசைக்கு வந்தார். "அம்மா, அந்தப் பழைய மினிட்டு வச்சிருக்கீங்களா?"

அந்தக் கூட்டக் குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். வருகைப் பட்டியலில் ஒன்றிலிருந்து விரலால் கீழே இறங்கினார். ஒவ்வொரு பெயரிலும் ஒரு நொடி நின்றார். இருபத்தொன்பதில் விரலை நிறுத்தினார்.

"இவங்க எல்லாரும் வந்தாங்க. உண்மை. ஒரு ஆளு குறையுதுன்னு செத்தவள எழுதியிருக்காங்க," என்றார். குரல் உயரவில்லை. "அவ தலமாட்டுல ஒருத்தன் உக்காந்திருந்தான்மா. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து மெம்பரு. இந்த முப்பது பேருன்ற விதிய எழுதுனதே அவன்தான். அவன ஒருத்தரும் எண்ணல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது காது சூடாகியது. இரண்டு மாதம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்த்தேன், சரிபார்த்தேன், முத்திரை குத்தினேன். அவர் வீட்டில் நடந்த கூட்டத்தில் அவர் பெயர் ஏன் இல்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பாக்கியம் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, நான் நோட்டப் பாத்துத்தான் எழுதினேன். நோட்டுல உங்க பேரு இல்லண்ணே."

"நோட்டு வாசல்ல இருந்துச்சு பாக்கியம். வர்றவங்க எழுதுறதுக்கு வச்சது. நான் எங்கேருந்தும் வரலியே. உள்ளயேதான் இருந்தேன்."

பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்; ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார். இன்னும் சிலரும் நின்றார்கள்.

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்," என்றேன். அது கேள்வியாக இல்லாமல் குற்றம்சாட்டுவது போல வந்துவிட்டது.

"யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்," என்றார்.

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முந்தைய கூட்டத்தில் நேரில் இருந்த உறுப்பினர், தன் வருகை விடுபட்டிருந்தால் செயலாளர் முன்னிலையில் எழுத்தில் திருத்தலாம். அதற்குக் கோரம் வேண்டாம்; முப்பது சரியாகிவிட்டால் பழைய கூட்டமே செல்லும். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் புவான் ரொஹானிக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அதற்குக் கட்டம் இருக்கிறது, பதினான்காவது என்று எழுதியிருந்தார்.

கோவிந்தசாமி உட்கார்ந்தார். என் மேசையிலிருந்த ரூல் தடியை எடுத்து முப்பதாவது பெயரின்மேல் வைத்தார். கோடு போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே கோடாக இழுத்தார். அதன் கீழே தன் பெயரை, பள்ளிக்கூட எழுத்தில், நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செயலாளர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்றேன். பாக்கியம் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபத்தொன்பது என்றதும் விரலை எடுத்துக்கொண்டார்.

கோவிந்தசாமி தன் பெயரின்மேல் தானே விரலை வைத்து, "முப்பது," என்றார்.